வாசலில் ஒரு மஞ்சள் சீட்டு

(பங்கின் பொன்விழாவையொட்டி மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், பாலர் இல்லப் பணியாளர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

பொன்விழாக் கூட்டம் என்பதால் பாலர் இல்லம் வளர்ந்த வரலாற்றைச் சொல்லும்படி விழாக் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். அந்த வரலாறு உங்களுக்குத் தெரியாததல்ல. ஓலைக் கொட்டகையில் ஒரு தொட்டிலும் நாலு பாயுமாகத் தொடங்கியதை இங்கே முன்வரிசையில் இருக்கும் பாட்டிமார்கள் எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள். அந்தப் பாயில் உறங்கிய பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆகவே வரலாற்றைப் பாட்டிமார்களிடம் விட்டுவிட்டு, வேறொரு பொருளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். இல்லத்தில் ஒரு பிள்ளைக்குத் தொற்று நோய் கண்டால் மற்றப் பெற்றோருக்கு அதை எப்படிச் சொல்வது என்பதே அந்தப் பொருள். விழா மேடைக்கு அம்மையும் கண்வலியும் பொருத்தமா என்று ஒருவர் கேட்டார். பனியன் கம்பெனிச் சங்கு ஊதுமுன் பிள்ளையை எங்கள் கையில் தந்துவிட்டு ஓடும் தாய்க்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

முதலில் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம்.

2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஒரு திங்கட்கிழமை காலை, பையன் ஒருவனின் தாயார் எங்கள் ஆயாவிடம் காதோடு காதாகச் சொன்னார்: "வீட்டுக்கு அம்மா வந்திருக்கா. பையன் பத்து நாளைக்கு வரமாட்டான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." ஆயா எங்களிடம் சொன்னார். நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து பேசினோம். சொன்னால் பீதி பரவும், பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். அந்தக் குடும்பம் கேட்டுக்கொண்டதே, வாக்கு மீறலாமா என்றார் இன்னொருவர். யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணமும் ஒன்று இருந்தது. பிள்ளைகள் நின்றால் மாதக் கட்டணம் குறையும். அந்தக் கட்டணத்திலிருந்துதான் இரண்டு ஆயாக்களுக்கும் சம்பளம் போகிறது. பையனை வீட்டில் நிறுத்திவிட்டார்களே, இனி என்ன பயம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டோம்.

அதுதான் எங்கள் அறியாமை. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. திங்கட்கிழமை கொப்புளம் கண்ட பையன் சனிக்கிழமை இல்லத்தில் மற்றப் பிள்ளைகளோடு ஒரே பாயில் உறங்கி எழுந்து போனவன். தொற்றியது வெளியே தெரிய 10 நாள் முதல் 21 நாள் வரை ஆகும். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து மூன்று பிள்ளைகளுக்குக் கண்டது. அந்த மூன்று வீட்டாரோடு மட்டும் பேசினோம். நான்காவதாக ஒரு பையனுக்கு முதுகில் ஐந்தாறு கொப்புளம்தான். வெயில் காலமாதலால் சூட்டுக் கொப்புளம் என்று எண்ணி, அவன் தாயார் சந்தனம் அரைத்துப் பூசி, தம் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டார். அவர் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. சிறு வயதில் அவருக்கு அம்மை கண்டதில்லை.

எட்டாம் மாதத்தில் அவருக்குக் கண்டது. பெரியவர்களுக்கு, அதிலும் கர்ப்பிணிகளுக்குக் காணும் சின்னம்மை பிள்ளை விளையாட்டல்ல. நுரையீரலில் இறங்கி, மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பையனுக்கு எப்போது கண்டது, வேறு பிள்ளைகளுக்கு இருந்ததா என்று மருத்துவர் கேட்டாராம். இவருக்குத் தெரியவில்லை. அம்மையோடு நெருங்கிப் பழகியது முதல் பத்து நாளுக்குள் வந்திருந்தால், எதிர்ப்புச் சத்து ஊசி ஒன்று உண்டு, அதைப் போட்டு வேகத்தைத் தணித்துப் பார்த்திருக்கலாம் என்றாராம். நாள் கடந்துவிட்டது. இறைவன் அருளாலும் அந்த மருத்துவர்களின் கைராசியாலும் தாயும் பிழைத்தார், பிள்ளையும் நலமாகப் பிறந்தது. நாங்கள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். அவர் எங்களைத் திட்டவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பையனை எங்க அம்மா வீட்ல விட்டிருப்பேன்ல" என்று மட்டும் சொன்னார். இதை இந்த மேடையில் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டோம். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம்.

இனி இரண்டாவது குற்றம். அடிபட்டவன் அதிகமாக விலகி நடப்பான் அல்லவா? எங்கள் கதையும் அப்படித்தான் ஆயிற்று. 2022-ஆம் ஆண்டு கேரளத்தில் சிறு பிள்ளைகளிடையே 'தக்காளிக் காய்ச்சல்' என்று ஒன்று பரவியதும், வாளையாறு எல்லையில் நம் மாநிலத்தார் பிள்ளைகளைப் பரிசோதித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். கொப்புளம் தக்காளி போலச் சிவந்திருந்ததால் வந்த பெயரே தவிர, தக்காளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கை, கால், வாய் நோய் என்று மருத்துவர்கள் சொல்வதன் ஒரு வகைதான் அது என்று பின்னால் தெரிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நம் இல்லத்தில் ஒரு சிறுமிக்கு வாயில் புண்ணும் உள்ளங்கையில் கொப்புளமும் கண்டன. பழைய தவறு மீண்டும் நேரக்கூடாது என்ற பதற்றத்தில், எங்களில் ஒருவர் பெற்றோர் வாட்சப் குழுவில் அந்தச் சிறுமியின் பெயரைப் போட்டே செய்தி அனுப்பிவிட்டார். அரை மணி நேரத்தில் அது எங்கெங்கோ போய்விட்டது. ரேஷன் கடை வரிசையில் அந்தத் தாயை விட்டு இரண்டடி தள்ளி நின்றார்கள். அப்பா வேலை செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர் அவரை ஒரு வாரம் வரவேண்டாம் என்றார். நோய் என்னவோ ஐந்தாறு நாளில் தானாக ஆறிவிட்டது. நாங்கள் வீடு தேடிப் போனோம். காப்பி கொடுத்தார்கள், முகம் கோணாமல் பேசினார்கள். ஆனால் பிள்ளையைத் திரும்ப அனுப்பவில்லை. ஞாயிறு இரண்டாம் பூசைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் விடியற்காலைப் பூசைக்கு மாறிக்கொண்டார்கள்.

ஒருமுறை வாய் மூடியதால் ஒரு தாய் ஆபத்துக்குள்ளானார். இன்னொரு முறை வாய் திறந்த விதத்தால் ஒரு குடும்பத்தை இழந்தோம். இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் எங்கள் கேள்வியாக இருந்தது.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் உள்ளே அம்மை என்று தெருவுக்கே தெரியும். பால்காரர் வாசலோடு நிற்பார், விருந்தாளி திரும்பிப் போவார், கர்ப்பிணிப் பெண் அந்தச் சந்தில் நுழையமாட்டாள். யாரும் யாரையும் குற்றம் சொன்னதாகவும் இல்லை. வந்திருப்பது தாய் என்பதால் அதில் வெட்கத்துக்கு இடமில்லை. நம் கத்தோலிக்க வீடுகளிலும் செபஸ்தியார் படத்துக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, நிலைப்படியில் வேப்பிலை செருகுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். (சாமி இதைக் காதில் வாங்காதது போல் இருக்கட்டும்.) நம்பிக்கையைப் பற்றிப் பேச நாங்கள் வரவில்லை, அறிவிப்புப் பலகை என்ற அளவில் அது நன்றாக வேலை செய்தது. இன்று ஒரே காம்பவுண்டுக்குள் எட்டு வீடு, மாடிக்கு மாடி கதவு. வேப்பிலை செருகினால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ என்ற பயம். கொத்து போய்விட்டது, அதன் இடத்துக்கு வேறொன்று வரவில்லை.

வேதாகமத்திலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. லேவியர் ஆகமம் 13-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். தோலில் தடிப்புக் கண்டவனைக் குருவிடம் கொண்டுவருவார்கள். சந்தேகமானால் ஏழு நாள் தனியே வைத்து மறுபடி பார்ப்பார். நோய் உறுதியானால், அவனே தான் தீட்டுப்பட்டவன் என்று உரக்கச் சொல்லிக்கொண்டு பாசறைக்கு வெளியே வாழ வேண்டும். ஏழு நாள் பொறுத்து மறுபடி பார்ப்பது மருத்துவர்கள்கூட மெச்சக்கூடிய நிதானம். ஆனால் நோயாளியே தன்னை ஊரறியக் கூவ வேண்டும் என்ற பகுதியைத்தான், நம் ஆண்டவர் தொழுநோயாளியைத் தொட்டபோது மாற்றினார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. வேத விளக்கம் எங்கள் வேலையல்ல. சாமி திருத்தினால் ஏற்றுக்கொள்கிறோம்.

மற்ற நாட்டார் என்ன செய்கிறார்கள் என்றும் விசாரித்தோம். நம் பங்கைச் சேர்ந்த குடும்பங்கள் சில சிங்கப்பூரில் இருக்கின்றன. அங்கே 2000-ஆம் ஆண்டில் கை, கால், வாய் நோய் பெரிய அளவில் கண்டது முதல், பாலர் பள்ளி வாசலிலேயே ஆசிரியை பிள்ளையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, டார்ச் விளக்கால் வாயைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்களாம். ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் பணி செய்யும் நம் ஊர் அருட்சகோதரி ஒருவர் விடுமுறையில் வந்திருந்தபோது அந்நாட்டுச் சட்டத்தை விளக்கினார். 2001 முதல் அங்கே நடைமுறையில் உள்ள தொற்றுத் தடுப்புச் சட்டப்படி, சின்னம்மை, தட்டம்மை போன்ற குறிப்பிட்ட நோய் கண்டால் பெற்றோர் தாமதமின்றிக் காப்பகத்துக்குச் சொல்லியாக வேண்டும். சுகாதார அதிகாரி விரும்பினால், நோயாளி இன்னார் என்று குறிப்பிடாமல் நோயை மட்டும் அறிவிக்கும்படி காப்பகத்துக்கு உத்தரவிடலாம். சொல்வது பெற்றோரின் கடமை, பெயரை மறைப்பது காப்பகத்தின் கடமை. எங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்தது. நம் மாநிலத்திலும் 1939-ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. தொற்று நோய் கண்டால் மருத்துவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் உண்டு. அது அதிகாரிக்குப் போகும் செய்தி. பக்கத்துப் பாயில் படுத்த பிள்ளையின் தாய்க்குப் போக வேண்டிய செய்தி எங்களிடமிருந்துதான் போக வேண்டும்.

அப்படிப் பிறந்ததுதான் நீங்கள் எல்லாரும் அறிந்த மஞ்சள் சீட்டு. அதில் என்ன எழுதுகிறோம், ஏன் எழுதுகிறோம் என்று இதுவரை விளக்கியதில்லை. ஒரு சீட்டைப் படிக்கிறோம்:

"அன்பான பெற்றோருக்கு, நம் இல்லத்துப் பிள்ளை ஒருவருக்குச் சின்னம்மை (தண்ணீர் அம்மை, விளையாட்டு அம்மை) கண்டிருப்பதாக இன்று, மார்ச் 4 அன்று, தெரியவந்தது. மார்ச் 2, 3 ஆகிய நாட்களில் உங்கள் பிள்ளை அந்தப் பிள்ளையோடு இருந்திருக்கிறது. மார்ச் 12 முதல் 24 வரை உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சலோ, நீர்க் கொப்புளமோ வருகிறதா என்று தினமும் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். வந்தால் அனுப்ப வேண்டாம், எங்களுக்குச் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ, புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுபவரோ இருந்தால் காத்திருக்காமல் இன்றே மருத்துவரைக் கேளுங்கள்."

இவ்வளவுதான். இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சண்டை நடந்திருக்கிறது. 'காய்ச்சல் பரவுகிறது, ஜாக்கிரதை' என்று பொதுவாக எழுதினால் போதாதா என்று முதலில் எண்ணினோம். அப்படி எழுதிய சீட்டை யாரும் இரண்டாம் முறை படிக்கவில்லை. நோயின் பெயரைத் தெளிவாக எழுதினால்தான் எத்தனை நாள், யாருக்கு ஆபத்து, தடுப்பூசி உண்டா என்று மருத்துவரிடம் கேட்க முடியும். சின்னம்மையோடு பழகிய மூன்று முதல் ஐந்து நாளுக்குள், இதுவரை அம்மை காணாத நலமான பிள்ளைக்கு ஊசி போட்டால் வராமலே தடுக்கவோ, வந்தாலும் லேசாகப் போகவோ வழியுண்டு. தட்டம்மையானால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாங்கள் வியாழக்கிழமை அறிந்ததைத் திங்கட்கிழமை சொன்னால் அந்த வாசல் அடைபட்டுவிடும். அதனால்தான் அன்று அறிந்ததை அன்று மாலைக்குள் சொல்கிறோம். சின்னம்மை ஊசி அரசு அட்டவணையில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும் என்பது வருத்தம்தான். கர்ப்பிணிகளுக்கு அதைப் போடவும் கூடாது. போடுவதா வேண்டாமா என்பதை மருத்துவரும் நீங்களும் முடிவு செய்யுங்கள். முடிவு செய்யும் நேரத்தையாவது நாங்கள் பறிக்காமல் இருக்கிறோம்.

நோயின் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. சின்னம்மை என்று எழுதினால் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த அம்மா ஒருவர், "இது சிச்சிலுப்பைதானே?" என்கிறார். மணல்வாரி என்று எழுதினால் சிலருக்குப் புரிகிறது, தட்டம்மை என்றால்தான் மற்றவர்களுக்குப் புரிகிறது. பொன்னுக்கு வீங்கி சிலருக்குப் புட்டாலம்மை, சிலருக்கு அம்மைக்கட்டு. அதனால் ஒரு சீட்டில் இரண்டு மூன்று பெயர் எழுதுகிறோம். பீகாரிலிருந்து வந்து கம்பெனிகளில் வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் நம் இல்லத்தில் இப்போது ஒன்பது பேர். அவர்களுக்காக அந்தத் தாய்மாரில் ஒருவரே இந்தியில் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறார். அவர் சின்னம்மைக்குச் சொன்ன பெயர் 'சோட்டி மாத்தா'. சின்ன அம்மா! ஊர் விட்டு ஊர் வந்தாலும் பெயர் மாறவில்லை பாருங்கள்.

சீட்டு வீட்டுக்குப் போய்ச் சேருவதும் லேசான காரியமல்ல. மாலையில் பிள்ளையை அழைக்க வருவது பாதிப் பேருக்குப் பாட்டி, சிலருக்கு ஆட்டோக்காரர். ஆட்டோவில் போன சீட்டு ஆட்டோவிலேயே தங்கிவிடும். பையில் வைத்தால் சோற்று டப்பாவின் அடியில் நனைந்து கிழியும். இப்போது ஊக்கு குத்திச் சட்டையிலேயே மாட்டி அனுப்புகிறோம். படிக்கத் தெரியாத பாட்டிக்கு வாசலிலேயே வாயால் சொல்லி, அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கிறோம். ஒரு பாட்டி எங்களைப் பார்த்து, "நான் என்ன ஞானோபதேசப் பிள்ளையா, ஒப்பிக்கச் சொல்றீங்க?" என்று கோபித்துக்கொண்டார். ஆனாலும் ஒப்பித்தார். வாசல் பலகையில் ஒரு சீட்டு ஒட்டுகிறோம். வாட்சப்பில் போடுவது கடைசியாகத்தான். அதுவும் எங்கள் எழுத்து மட்டும், யாரும் பதில் எழுத முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறோம். 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் நம் மாநிலத்தில் நடந்தபோது அந்த வழியாகப் பரவிய வதந்தியால் எத்தனை பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை.

"யாருக்கு?" என்ற கேள்வி தவறாமல் வரும். 38 பிள்ளைகள் உள்ள இடத்தில் நேற்று வராத பிள்ளை எது என்று பார்த்தால் எவரும் ஊகித்துவிடலாம். உண்மைதான். பெயரை மறைக்கிறோம் என்று நாங்கள் பெருமை பேச முடியாது. ஊகிப்பது வேறு, நாங்களே சொல்வது வேறு. கேட்பவரிடம் இப்படித்தான் பதில் சொல்கிறோம்: "நாளைக்கு உங்க பிள்ளைக்கு வந்தா, வேற யார் கேட்டாலும் உங்க பேரைச் சொல்ல மாட்டோம்." அநேகமாக அதோடு கேள்வி நின்றுவிடுகிறது.

சாதாரணத் தொல்லைகளுக்கு இத்தனை ஆரவாரம் தேவையில்லை. பேன், சிரங்கு போன்றவற்றை அந்தந்த வீட்டாரிடம் தனியே சொல்கிறோம். வயிற்றுப்போக்கும் வாந்தியும் நின்று இரண்டு முழு நாள் ஆன பிறகு அனுப்புங்கள். ஒரே வாரத்தில் மூன்று நான்கு பிள்ளைகளுக்கு ஒரே நோய் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரிவிக்கிறோம். தட்டம்மை என்று சந்தேகம் வந்தால் ஒரு பிள்ளை போதும்; அன்றே தெரிவிப்போம்.

எப்போது திரும்ப அனுப்பலாம் என்பதில்தான் இன்னும் வழக்கு தீரவில்லை. அம்மை இறங்கி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு ஒற்றைப்படை நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது நம் வழக்கம். "மூணாம் தண்ணி ஊத்தியாச்சு, இன்னிக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்கிறார்கள். தண்ணீர் ஊற்றுங்கள், பாதகமில்லை, குளிப்பதால் கேடில்லை. ஆனால் நாங்கள் பார்ப்பது தண்ணீர்க் கணக்கை அல்ல. கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று பார்க்கிறோம். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாளில் அப்படி ஆகிவிடும். சில பிள்ளைகளுக்கு மூன்றாம் தண்ணீருக்கு முன்பே ஆகும், சிலருக்குப் பின்பும் ஆகலாம். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கி ஐந்து நாள். தட்டம்மை என்றால் தடிப்புக் கண்டு நான்கு நாள். கை, கால், வாய் நோயில் கிருமி வாரக் கணக்கில் மலத்தில் வெளியேறும் என்பதால், கிருமி முழுதும் போகும்வரை பிள்ளையை நிறுத்திவைப்பது நடவாத காரியம். காய்ச்சல் விட்டு, வாய்ப்புண் ஆறி, பிள்ளை சாப்பிடத் தொடங்கினால் அனுப்பலாம். கை கழுவுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சில வாரம் கழித்து நகம் கழன்று விழுந்தால் பயப்படாதீர்கள். அந்த நோயில் அப்படி நேர்வதுண்டு, புது நகம் முளைத்துவிடும். மருத்துவர் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லி உங்களை அலைக்கழிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கு ஆகும் 300 ரூபாய்க்குப் பிள்ளைக்கு முட்டை வாங்கிக் கொடுக்கலாம்.

கடைசியாக, பெற்றோர்களாகிய உங்களிடம் கொஞ்சம் கசப்பாகவும் பேச வேண்டியிருக்கிறது. காலை ஏழு மணிக்குக் காய்ச்சல் மருந்தைக் கொடுத்து, எட்டு மணிக்கு எங்களிடம் விட்டுவிட்டு, "சும்மா சளிதான்" என்று சொல்லிப் போகிறீர்கள். பதினொரு மணிக்குப் பிள்ளை அனலாய்க் கொதிக்கிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. நாங்கள் கோபப்பட்டிருக்கிறோம். பிறகு ஒருநாள், அப்படி அடிக்கடி செய்யும் தாயார் ஒருவரிடம் விசாரித்தோம். பீஸ் ரேட்டில் வேலை, ஒருநாள் போகாவிட்டால் அன்றைய கூலியும் இல்லை, வார போனசும் இல்லை என்றார். வீட்டில் வேறு ஆள் கிடையாது. அவரிடம் கோபப்பட எங்களுக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் ஐந்து நாள் கூலி போகும் என்றால், யார்தான் உண்மையைச் சொல்வார்கள்? சீட்டு எவ்வளவு நன்றாக எழுதினாலும், முதல் செய்தி உங்களிடமிருந்து எங்களுக்கு வராவிட்டால் அந்தச் சீட்டு வெறும் காகிதம்தான்.

இதைப் பங்குப் பேரவையில் வைத்தோம். நீண்ட விவாதம் நடந்தது. பொய் சொல்லி விடுமுறை எடுப்பார்கள் என்று ஒருவர் எதிர்த்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசியில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. தொற்று நோய்க்காக வீட்டில் நிறுத்தும் நாட்களுக்கு இல்லக் கட்டணம் வாங்குவதில்லை. வேறு துணையில்லாத தாய்க்கு, பொன்விழா நிதியிலிருந்து மூன்று நாள் வரை பாதிக் கூலி தருவது. இந்த ஆண்டு சோதனையாகத்தான். பணம் தீர்ந்தால் மறுபடி உங்களிடம்தான் உண்டியல் தூக்கிக்கொண்டு வருவோம். கோபுரத்துக்கு மின்விளக்கு அலங்காரம் கொஞ்சம் குறைந்ததற்குக் காரணம் இதுதான் என்று, கேட்டவர்களுக்காகச் சொல்லிவைக்கிறோம்.

வாசல் மேசையில் அட்டைகள் அடுக்கி வைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளைக்கு இதுவரை என்னென்ன ஊசி போட்டாயிற்று, அம்மை கண்டதுண்டா, வீட்டில் கர்ப்பிணியோ நீண்ட நாள் சிகிச்சையில் இருப்பவரோ உண்டா, அவசரத்துக்குப் போனை எடுக்கக்கூடியவர் யார் என்று நாலே கேள்விகள். எழுத வராதவர்களுக்கு மரியாயின் சேனைப் பெண்கள் எழுதித் தருவார்கள். அட்டை இல்லத்துப் பெட்டிக்குள் பூட்டப்படும். எங்கள் ஐவரைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள். பலகையில் இன்று ஒரு மஞ்சள் சீட்டு இருக்கிறது. கண்வலி, இரண்டு பிள்ளைகளுக்கு. நேற்று ஆட்டோவில் பிள்ளையை அனுப்பியவர்கள் போகும்போது அதைப் படித்துவிட்டுப் போங்கள்.